வாசகர் கேள்வி – பதில்: பொதுக் காரணியும் பொது மடங்கும்

வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில், எண்களின் காரணிகளையும் மடங்குகளையும் பற்றியவற்றை மட்டும் இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறோம். மீப்பெரு பொதுக் காரணியை மீ.பெ.கா. என்றும், மீச்சிறு பொது மடங்கை மீ.சி.ம. என்றும் சுருக்கி எழுதுகிறோம். இலங்கை வாசகர்கள் பள்ளியில் பொ.கா.பெ., பொ.ம.சி. என்று படித்தவையும் இவைதான்.

கேள்வி: ஆறாம் வகுப்பில் படிக்கும் என் மகளுக்கு மீ.பெ.கா., மீ.சி.ம. இரண்டையும் பிழையில்லாமல் கண்டுபிடிக்கத் தெரிகிறது. ஆனால், வாக்கியக் கணக்கு என்று வந்துவிட்டால் எதைப் பயன்படுத்துவது என்று தடுமாறுகிறாள். ‘மிகப்பெரிய’ என்ற சொல் இருந்தால் மீ.பெ.கா., ‘மிகச்சிறிய’ என்று இருந்தால் மீ.சி.ம. என்று டியூஷனில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அதன்படி செய்தும் பல கணக்குகள் தவறாகின்றன. (ஒரு தாய், விழுப்புரம்)

பதில்: தடுமாற்றத்துக்குக் காரணமே அந்தக் குறுக்குவழிதான். உடனே அதை மறக்கச் சொல்லுங்கள். 12 அடி 6 அங்குல நீளமும் 10 அடி அகலமும் உள்ள ஓர் அறைக்குச் சதுர ஓடுகளை, ஒன்றைக்கூட வெட்டாமல் பதிக்க வேண்டும். மிகக் குறைந்த எண்ணிக்கையில் எத்தனை ஓடுகள் தேவை என்று கணக்கு கேட்கிறது. ‘மிகக் குறைந்த’ என்ற சொல்லைக் கண்டதும் குழந்தை மீ.சி.ம.வுக்குப் போய்விடும். நீளம் 150 அங்குலம், அகலம் 120 அங்குலம். ஓட்டின் பக்கம் இவ்விரண்டையும் மீதியில்லாமல் வகுத்தால்தான் வெட்டாமல் பதிக்க முடியும். ஓடுகள் குறைய வேண்டுமானால் ஒவ்வோர் ஓடும் பெரிதாக இருக்க வேண்டும். ஆகவே நாம் தேடுவது 150, 120 ஆகியவற்றின் மீ.பெ.கா.வான 30 அங்குலம். நீளவாக்கில் 5, அகலவாக்கில் 4, மொத்தம் 20 ஓடுகள். இதற்கு நேர்மாறாக, 12, 18 இரண்டாலும் மீதியின்றி வகுபடும் மிகப்பெரிய மூன்றிலக்க எண் எது என்று கேட்டால், ‘மிகப்பெரிய’ என்ற சொல் இருந்தும் தேவைப்படுவது மீ.சி.ம.தான்: அது 36, அதன் மூன்றிலக்க மடங்குகளில் பெரியது 972.

சொல்லைத் தேடுவதற்குப் பதிலாக உங்கள் மகள் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுப் பழகட்டும்: நான் தேடும் விடை, கொடுத்த எண்களை வகுக்க வேண்டுமா, அல்லது கொடுத்த எண்கள் அந்த விடையை வகுக்க வேண்டுமா? முதலாவது என்றால் காரணி, இரண்டாவது என்றால் மடங்கு. காரணி எனில் விடை கொடுத்த எண்களில் சிறியதைத் தாண்டாது. மடங்கு எனில் பெரியதற்குக் கீழே வராது. ஓட்டின் பக்கம் அறையைவிடப் பெரிதாக வந்துவிட்டால் எங்கோ தவறு நேர்ந்திருக்கிறது என்பதைக் குழந்தை தானே கண்டுகொள்ளும்.

பாடநூல்களில் அடிக்கடி வரும் பேருந்துக் கணக்கைப் பற்றியும் ஒரு சொல். ஒரு நிலையத்திலிருந்து ஒரு பேருந்து 12 நிமிடத்துக்கு ஒருமுறையும் மற்றொன்று 18 நிமிடத்துக்கு ஒருமுறையும் புறப்படுகின்றன. காலை 6 மணிக்கு இரண்டும் ஒன்றாகப் புறப்பட்டால் மறுபடி எப்போது ஒன்றாகப் புறப்படும் என்பார்கள். மீ.சி.ம. 36, ஆகவே 6.36 என்று எழுதிவிடுகிறோம். இரண்டாவது பேருந்தின் முதல் நடை 6.05க்கு என்றால் என்ன ஆகும்? அவை ஒருநாளும் ஒன்றாகப் புறப்படா. ஏனென்றால் இரண்டின் புறப்பாட்டு நேரங்களுக்கும் உள்ள வேறுபாடு, 12, 18 ஆகியவற்றின் மீ.பெ.கா.வான 6இன் மடங்குகளில் மட்டுமே மாறும். ஐந்தில் தொடங்கிய வேறுபாடு ஒருபோதும் சுழி ஆகாது. முதல் நடை 6.06க்கு என்றால் 6.24க்கே இரண்டும் சேர்ந்துவிடும். சந்திப்பு நடக்குமா என்பதை மீ.பெ.கா. சொல்கிறது, நடந்தால் எவ்வளவு இடைவெளியில் திரும்ப நடக்கும் என்பதை மீ.சி.ம. சொல்கிறது. ஆறாம் வகுப்புக் குழந்தைக்கு இது அதிகம் என்று நான் நினைக்கவில்லை. இரண்டு வரிசைகளில் நேரங்களை எழுதிக் காட்டினால் தானாகவே பிடித்துக்கொள்ளும்.

கேள்வி: போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். 1073, 1147 ஆகியவற்றின் மீ.பெ.கா. என்ன என்று ஒரு மாதிரித் தேர்வில் கேட்டிருந்தார்கள். 2, 3, 5, 7 என்று வகுத்துப் பார்த்து எதுவும் வராததால் 1 என்று குறித்தேன். விடை 37 என்கிறார்கள். இதை எப்படி விரைவாகக் கண்டுபிடிப்பது? (ஒரு வாசகர், சிவகங்கை)

பதில்: நீங்கள் செய்த முறை சிறிய எண்களுக்குப் போதுமானது. 1073ஐ வகுக்கும் முதல் பகா எண் 29. அது பகா எண் வரிசையில் பத்தாவது. தேர்வு அறையில் அவ்வளவு தூரம் போக யாருக்கும் பொறுமை இராது. காரணிகளையே தேடாத வழி ஒன்று இருக்கிறது. பெரிய எண்ணைச் சிறிய எண்ணால் வகுங்கள். வரும் மீதியால் சிறிய எண்ணை வகுங்கள். மீதி சுழி ஆகும்வரை இப்படியே தொடருங்கள். கடைசியாக வகுத்த எண்தான் மீ.பெ.கா. இங்கே 1147ஐ 1073ஆல் வகுத்தால் மீதி 74. 1073ஐ 74ஆல் வகுத்தால் ஈவு 14, மீதி 37. 74ஐ 37ஆல் வகுத்தால் மீதி இல்லை. மூன்றே படிகளில் 37 கிடைத்துவிட்டது.

இது ஏன் சரியாக வருகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். காரணம் தெரிந்த முறை மறக்காது. ஓர் எண் 1147ஐயும் 1073ஐயும் மீதியின்றி வகுத்தால், அவற்றின் வித்தியாசமான 74ஐயும் அது வகுத்தே தீரும். மறுபக்கமாக, 1073ஐயும் 74ஐயும் வகுக்கும் எந்த எண்ணும் அவற்றின் கூடுதலான 1147ஐ வகுக்கும். ஆகவே முதல் இணைக்கும் இரண்டாவது இணைக்கும் பொதுக் காரணிகள் அனைத்தும் ஒன்றே. ஒவ்வொரு படியிலும் எண்கள் சிறுக்கின்றன, பொதுக் காரணிகள் மட்டும் மாறாமல் நிற்கின்றன.

கி.மு. 300ஐ ஒட்டி அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த யூக்ளிட், தம் பெருநூலின் ஏழாம் பகுதியின் தொடக்கத்திலேயே இந்த முறையை வைத்திருக்கிறார். நம் நாட்டில் ஆரியபடர் கி.பி. 499இல் இயற்றிய ஆரியபடீயத்தில், இதே தொடர் வகுத்தலைக் கொண்டு, முழு எண் விடைகள் வேண்டிய சமன்பாடுகளைத் தீர்க்கும் குட்டக முறை இடம்பெற்றிருக்கிறது. அந்த வழியில் மேலே உள்ள படிகளைப் பின்னோக்கி எழுதினால், 15 × 1073 − 14 × 1147 = 37 என்று கிடைக்கும்; அதாவது மீ.பெ.கா.வை எப்போதும் இரு எண்களின் மடங்குகளுடைய வித்தியாசமாக எழுத முடியும். படிகள் முடிவில்லாமல் நீளுமோ என்ற அச்சமும் வேண்டாம். சிறிய எண்ணில் எத்தனை இலக்கங்கள் உள்ளனவோ அதைப்போல் ஐந்து மடங்கு படிகளுக்குமேல் ஆகாது என்று பிரெஞ்சுக் கணிதவியலாளர் லாமே 1844இல் நிறுவினார்.

மீ.சி.ம.வும் கேட்டால், ஓர் எண்ணை முதலில் மீ.பெ.கா.வால் வகுத்துவிட்டுப் பிறகு பெருக்குங்கள்: 1147 ÷ 37 = 31, 31 × 1073 = 33,263. முதலில் பெருக்கிப் பிறகு வகுத்தால் தேவையில்லாமல் ஏழிலக்க எண்ணோடு போராட வேண்டியிருக்கும். தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் யூக்ளிடின் வகுத்தல் வழிமுறை பத்தாம் வகுப்பில் விரிவாக வருகிறது. பகாக் காரணிப்படுத்தலை அறிமுகப்படுத்தும் அதே வாரத்தில் இதையும் பிள்ளைகளுக்குக் காட்டிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கழித்தலும் வகுத்தலும் தெரிந்த எந்தக் குழந்தைக்கும் இது எட்டக்கூடியதே.

கேள்வி: கணினி அறிவியல் மாணவி நான். இந்தப் பள்ளிக்கூடக் கணக்கு எங்கள் துறையில் எங்காவது உண்மையிலேயே பயன்படுகிறதா? (ஒரு வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: இணையப் பாதுகாப்பின் ஒரு முக்கியமான பகுதி இதன்மேல்தான் நிற்கிறது. ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் மூவரும் 1977இல் உருவாக்கிய ஆர்.எஸ்.ஏ. என்ற மறையாக்க முறையில் (செய்தியைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டும் முறை), இரண்டு மிகப்பெரிய பகா எண்களைப் பெருக்கி, அந்தப் பெருக்கற்பலனைப் பொதுச் சாவியின் பகுதியாக எல்லோருக்கும் தெரியும்படி வைப்பார்கள். பலனிலிருந்து அந்த இரு பகா எண்களை மீட்பது மிகக் கடினம் என்பதே பாதுகாப்பு. 2020இல் 250 இலக்க எண் ஒன்றைப் பலப்பல கணினிகளைக் கொண்டு உடைத்தபோது அதுவே பெரிய சாதனையாகப் பேசப்பட்டது. ஆனால், இரு எண்களின் மீ.பெ.கா.வைக் காண்பது, அவை பல நூறு இலக்கங்கள் கொண்டவையாக இருந்தாலும், கண்ணிமைக்கும் நேர வேலை. இந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளியில்தான் ஓர் ஆபத்து ஒளிந்திருந்தது.

சிவகங்கை வாசகர் கேட்ட எண்களையே பாருங்கள்: 1073 = 29 × 37, 1147 = 31 × 37. இவற்றைத் தனித்தனியே உடைப்பது சிரமம்; பொதுவான பகா எண் ஒன்று இருந்ததால் யூக்ளிடின் மூன்று படிகளில் இரண்டும் உடைந்துவிட்டன. 2012இல் ஆய்வாளர் குழுக்கள் இரண்டு, இணையத்திலிருந்து இலட்சக்கணக்கான பொதுச் சாவிகளைத் திரட்டி, அவற்றுக்கிடையே மீ.பெ.கா. கண்டு பார்த்தன. ஆயிரக்கணக்கான சாவிகளில் பகா எண்கள் பொதுவாக இருந்தது தெரியவந்தது. பெரும்பாலும் ரவுட்டர் போன்ற சிறு கருவிகள், மின்சாரம் வந்து இயங்கத் தொடங்கிய உடனேயே, போதிய தற்செயல்தன்மை சேருமுன் சாவியை உருவாக்கியதால், வெவ்வேறு கருவிகள் ஒரே பகா எண்ணைத் தேர்ந்துவிட்டன. சாவி உருவாக்கும் நிரல் எழுத நேர்ந்தால், தற்செயல் எண்கள் எங்கிருந்து வருகின்றன என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கேள்வி: மிருதங்கம் கற்கிறேன். ஆதி தாளத்தில் ஐந்து மாத்திரைச் சொற்கட்டை இடைவெளியின்றி வாசித்துக்கொண்டே போனால் ஐந்து ஆவர்த்தனத்தில் சமத்துக்கு வரும் என்றார் ஆசிரியர். ஆறு மாத்திரைக்கு ஆறு ஆவர்த்தனம் என்று நினைத்தால், மூன்றே போதும் என்கிறார். இதற்குப் பொது விதி உண்டா? (ஒரு மாணவர், கும்பகோணம்)

பதில்: உண்டு. இசை பழகாதவர்களுக்காக: ஆவர்த்தனம் என்பது தாளத்தின் ஒரு முழுச் சுற்று, சமம் அது தொடங்கும் இடம், அட்சரம் தாளத்தின் ஓர் எண்ணிக்கை, மாத்திரை அதன் உட்பிரிவு, சொற்கட்டு மிருதங்கச் சொற்களின் கோவை. சதுஸ்ர நடையில் ஓர் அட்சரத்துக்கு நான்கு மாத்திரை வீதம், எட்டு அட்சரங்களுக்கு 32 மாத்திரைகள். சொற்கட்டும் ஆவர்த்தனமும் ஒன்றாக முடியும் இடம் அவ்விரண்டின் மீ.சி.ம. ஐந்துக்கும் 32க்கும் மீ.சி.ம. 160, அதாவது ஐந்து ஆவர்த்தனம். ஆறுக்கும் 32க்கும் மீ.சி.ம. 96, அதாவது மூன்று ஆவர்த்தனம். சொற்கட்டின் மாத்திரையை, அதற்கும் 32க்கும் உள்ள மீ.பெ.கா.வால் வகுத்தால் ஆவர்த்தனக் கணக்கு நேரே வந்துவிடும்: 12க்கு 12 ÷ 4 = 3, 20க்கு 20 ÷ 4 = 5, 24க்கு 24 ÷ 8 = 3. 32இன் பகாக் காரணி இரண்டு மட்டுமே என்பதால், 3, 6, 12, 24 எல்லாமே மூன்று ஆவர்த்தனத்தில் வந்து சேர்கின்றன. ஏழு மட்டும் ஏழையும் கேட்கும். தாளம் மாறினால் கணக்கும் மாறும். ஓர் ஆவர்த்தனத்தைப் பத்து மாத்திரையாக எண்ணும் கண்ட சாபு தாளத்தில், ஐந்து ஒரே ஆவர்த்தனத்தில் உட்கார்ந்துவிடும், மூன்றுக்கு மூன்று ஆவர்த்தனம் வேண்டும்.

மேடையில் யாரும் மீ.சி.ம. வரை காத்திருப்பதில்லை, மிஞ்சும் மாத்திரைகளைக் கார்வையாக்கி, அதாவது சொல் இல்லாத இடைவெளியாக்கி, கணக்கை முடிக்கிறார்கள். இரண்டு ஆவர்த்தனத்துக்கு 64 மாத்திரை. அதில் ஐந்து பன்னிரண்டு முறை போக, நான்கு மிஞ்சும். ஐந்து மாத்திரையுள்ள ‘ததிங்கிணதொம்’ நான்கு சேர்ந்து 20; அதன்பின் இரண்டு மாத்திரைக் கார்வை; மறுபடி 20, மறுபடி இரண்டு கார்வை, கடைசியாக 20. கூட்டிப் பாருங்கள், 64 வருகிறது. கையால் தாளம் போட்டுக்கொண்டு வாயால் சொல்லிப் பார்த்தால் கடைசி ‘தொம்’ முடிந்ததும் சமம் விழும்.

கேள்வி: தமிழ் ஆண்டுப் பெயர்கள் 60 ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்புகின்றன. என் சீன நண்பர்களின் ஆண்டுச் சுழற்சியும் 60 என்கிறார்கள். இரண்டும் ஒரே கணக்கா? (ஒரு வாசகர், சிங்கப்பூர்)

பதில்: எண் ஒன்றே, கணக்கு வேறு. சீன முறையில் பத்துப் பெயர் கொண்ட ஒரு வரிசையும் பன்னிரண்டு விலங்குகள் கொண்ட மற்றொரு வரிசையும் ஒவ்வோர் ஆண்டும் ஒவ்வோர் அடியாகச் சேர்ந்தே நகர்கின்றன. பத்தையும் பன்னிரண்டையும் பெருக்கினால் 120, ஆனால் மீ.பெ.கா. இரண்டு என்பதால் 60லேயே சுழற்சி முடிந்துவிடும். ஒற்றைப்படை இடத்துப் பெயர் ஒற்றைப்படை இடத்து விலங்கோடு மட்டுமே சேரும், இரட்டைப்படை இரட்டையோடு மட்டுமே சேரும். ஆகவே மீதி 60 இணைகள் எத்தனை ஆண்டு காத்திருந்தாலும் வாரா.

நம் அறுபது, வியாழனோடு தொடர்புடையது. வியாழன் வான்வட்டத்தை ஒருமுறை சுற்ற ஏறத்தாழ 12 ஆண்டும், சனி ஏறத்தாழ 30 ஆண்டும் எடுத்துக்கொள்கின்றன, இவற்றின் மீ.சி.ம. 60 என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. வியாழனும் சனியும் வானில் ஒன்றையொன்று நெருங்கிச் சந்திப்பது ஏறத்தாழ 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை. 2020 டிசம்பர் 21 அன்று அப்படி மிக நெருங்கியதைப் பலர் பார்த்திருப்பீர்கள். சந்திப்புக்கு 20 ஆண்டு போதும், பழைய இடத்திலேயே சந்திக்க 60 ஆண்டு வேண்டும். மீ.சி.ம. தருவது இந்த இரண்டாவது காலத்தைத்தான். வட்டப் பாதையில் ஓடுவோரைப் பற்றிய தேர்வுக் கணக்குகளில் ‘முதன்முறை சந்திப்பது எப்போது’ என்பதையும் ‘தொடக்கப் புள்ளியில் சந்திப்பது எப்போது’ என்பதையும் குழப்பிக்கொள்பவர்கள் இதை நினைவில் வைக்கலாம். உண்மையில் வியாழனின் சுற்று 11.86 ஆண்டு, சனியினுடையது 29.46 ஆண்டு, எனவே அறுபதில் அவை துல்லியமாகப் பழைய இடத்துக்கு வருவதில்லை. தென்னாட்டில் நாம் கோள்களின் இருப்பைப் பார்க்காமல், ஒவ்வொரு சூரிய ஆண்டுக்கும் ஒரு பெயர் என வரிசையாக எண்ணுகிறோம். 1987 ஏப்ரலில் தொடங்கிய பிரபவ, 2047இல் மறுபடி வரும்.

மத்திய அமெரிக்காவின் மாயா மக்கள் 260 நாள் கொண்ட ஒரு சுழற்சியையும் 365 நாள் கொண்ட மற்றொன்றையும் சேர்த்தே எண்ணினார்கள். அவற்றின் மீ.பெ.கா. 5, மீ.சி.ம. 18,980 நாள், அதாவது 365 நாள் ஆண்டுகள் 52. இயற்கையிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அமெரிக்காவில் மண்ணுக்கடியில் வாழும் சிள்வண்டு இனங்களில் சில 13 ஆண்டுக்கு ஒருமுறையும் சில 17 ஆண்டுக்கு ஒருமுறையும் கூட்டமாக வெளிவருகின்றன. இரண்டும் பகா எண்கள், ஆகவே குறிப்பிட்ட இரு கூட்டங்கள் ஒரே ஆண்டில் வெளிவர 221 ஆண்டு ஆகும். 2024இல் அப்படி வெளிவந்த இரு கூட்டங்கள் அதற்குமுன் சேர்ந்து வந்தது 1803இல்.

கேள்வி: ஒன்று முதல் பத்து வரை எல்லா எண்களாலும் வகுபடும் மிகச்சிறிய எண் 2520. இதற்கும் இராமானுசனுக்கும் தொடர்பு உண்டா? (ஓர் ஆசிரியர், மதுரை)

பதில்: ஒரு தொடர்பு உண்டு. தனக்குக் கீழுள்ள எந்த எண்ணையும்விட அதிகக் காரணிகள் கொண்ட எண்களைப் பற்றி இராமானுசன் எழுதிய நீண்ட கட்டுரை 1915இல் இலண்டன் கணிதவியல் கழகத்தின் இதழில் வெளிவந்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1916இல் அவருக்குப் பட்டம் அளித்ததும் அந்த ஆய்வுக்காகவே. 12, 60, 360, 840, 2520 எல்லாம் அந்த வரிசையில் இருக்கின்றன. 2520க்கு 48 காரணிகள். ஆனால், ஒன்றிலிருந்து தொடங்கும் எண்களின் மீ.சி.ம. எப்போதும் இந்த வரிசையில் வரும் என்று மாணவர்களிடம் சொல்லிவிடாதீர்கள். ஒன்று முதல் ஏழு வரையிலான மீ.சி.ம. 420; அதற்கு 24 காரணிகள், அதைவிடச் சிறிய 360க்கும் அதே 24.

கேள்வி: இரு எண்களின் பெருக்கற்பலன், அவற்றின் மீ.பெ.கா. × மீ.சி.ம. என்பது மூன்று எண்களுக்கும் பொருந்துமா? (ஒன்பதாம் வகுப்பு மாணவர், திருநெல்வேலி)

பதில்: பொருந்தாது. 4, 6, 10 எடுத்துக்கொள்ளுங்கள். மீ.பெ.கா. 2, மீ.சி.ம. 60, இவற்றைப் பெருக்கினால் 120. மூன்று எண்களின் பெருக்கற்பலனோ 240. இரு எண்களில், ஒவ்வொரு பகாக் காரணியின் சிறிய அடுக்கு மீ.பெ.கா.வுக்கும் பெரிய அடுக்கு மீ.சி.ம.வுக்கும் போய்விடுவதால் ஒன்றும் மிஞ்சுவதில்லை. மூன்று எண்களில் நடு அடுக்கு எதிலும் சேராமல் நின்றுவிடுகிறது. 4, 6, 10இல் இரண்டின் அடுக்குகள் 2, 1, 1. நடுவில் நிற்கும் ஒன்றுதான் 120க்கும் 240க்கும் இடையிலான இரு மடங்கு வேறுபாடு. மூன்று எண்களின் மீ.சி.ம. வேண்டுமானால் முதல் இரண்டுக்கும் கண்டு, வந்த விடையோடு மூன்றாவதைச் சேர்த்து மறுபடி காணுங்கள்: 4, 6க்கு 12; பிறகு 12, 10க்கு 60.